வெறும் ‘சரி’க்கு எதற்கு இவ்வளவு கோபம்?

குலதெய்வம் கோயில் பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் பெரியப்பா நீளமாக ஒன்று எழுதிப் போட்டார். வேன் பேசியாயிற்று, சனிக்கிழமை விடிகாலை 5.30க்கு உடுமலையிலிருந்து கிளம்புகிறது, தலைக்கட்டு வரியை முன்னாலேயே கொடுத்துவிடவும், கிடாய்க்குச் சொல்லியாயிற்று, கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பாலைப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொள்ளவும் என்று ஒரே மூச்சில், நடுவில் ஒரு கமாகூட இல்லாமல். 68 வயதில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது. அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். நான் அப்போது சென்னையில் ஒரு மீட்டிங்கில் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படித்தேன், ‘சரி.’ என்று தட்டினேன், போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சாயந்திரம் அத்தையிடமிருந்து போன். “என்ன கண்ணு, பெரியப்பனுக்கு அப்படியா எழுதறது?”

“எப்படிங்க அத்தை எழுதினேன்?”

“சரீன்னு.”

“சரின்னா சரிதானுங்களே அத்தை?”

“சரிங்க பெரியப்பான்னு எழுதியிருந்தா உனக்குக் காசா பணமா செலவாகுது?”

பெரியப்பா குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார். எனக்கு அது தெரியக்கூட இல்லை. ஏனென்றால் 2022லிருந்து வாட்ஸப்பில் யாராவது வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். எங்கள் குரூப்புக்கு அட்மின் அத்தை மகன். அட்மினுக்குத் தெரிந்தால் அத்தைக்குத் தெரியும், அத்தைக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், அது வேறு விஷயம்.

இந்த மாதிரி ஒரு கதை இல்லாத குரூப் இருக்க வாய்ப்பே இல்லை. அப்பார்ட்மெண்ட் குரூப், பள்ளிக்கூடப் பழைய மாணவர் குரூப், ஆபீஸில் சாப்பாடு பகிர்ந்துகொள்ளும் நாலு பேர் குரூப், எதுவானாலும் சரி. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் “இதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க?” என்று சிரிப்பார்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படிக்கப்போய், சிரிக்க முடியாமல் போனது. இணையத்தில் சின்ன விஷயத்துக்கு மனம் புண்படுவது எப்படி நடக்கிறது, தமிழில் அது ஏன் இன்னும் கொஞ்சம் சுலபமாக நடக்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். கோபப்படுவது வேறு, கோவித்துக்கொள்வது வேறு. பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர் மேல் நாம் கோபப்படுவோம். ‘கண்டக்டரிடம் கோவித்துக்கொண்டேன்’ என்று யாராவது சொன்னால் சிரிப்பு வரும். கோவித்துக்கொள்வதற்கு அந்த ஆள் நமக்கு ஏதாவது வேண்டியவராக இருக்க வேண்டும். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அவருக்கு உறைக்கும், அவர் வந்து என்ன ஏது என்று கேட்பார் என்ற நம்பிக்கை உள்ளே இருக்க வேண்டும். அந்த ‘கொள்’ என்கிற துணைவினைதான் எல்லா வேலையையும் செய்கிறது. கோபம் வெளியே போகிறது, கோவித்துக்கொள்ளுதல் உள்ளே வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. கேட்டுக்கொள்வதில் ஒரு வகை என்றுகூடச் சொல்லலாம், ‘என்னை வந்து சமாதானப்படுத்து’ என்று வாயால் சொல்லாமல் கேட்பது. இணையத்தில் நாம் பார்க்கும் சின்னச் சின்ன மனத்தாங்கல்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டாவது ரகம் என்பது என் கணிப்பு. ஆனால் பார்ப்பவர்கள் அதைக் கோபம் என்று நினைத்துப் பதிலுக்குக் கோபப்படுகிறார்கள், அங்கேதான் சிக்கல்.

சரி, என் ‘சரி’யில் என்ன குறை? நான் மரியாதையோடுதான் எழுதினேன். என் தலைக்குள் அது ‘சரிங்க பெரியப்பா, பார்த்துக்கறேன்’ என்றுதான் ஒலித்தது. அந்த ஒலி என் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது, எழுத்து மட்டும்தான் உடுமலைக்குப் போனது.

இதை ஒரு விளையாட்டு அழகாகக் காட்டும். 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி செய்த சோதனை இது. ஒருவர் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் நினைத்துக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் விரலால் மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பாட்டுக்காவது எதிராளி சரியாகச் சொல்லிவிடுவார் என்று நம்பினார்கள். மொத்தம் 120 பாட்டு தட்டப்பட்டதில் சரியாகச் சொன்னது 3. வீட்டில் இன்றைக்கே செய்து பாருங்கள். தட்டுகிறவருக்கு இசைக்கருவிகள் முழங்க, பாடகர் குரலோடு முழுப் பாட்டும் கேட்கும், கேட்பவருக்குக் கேட்பதெல்லாம் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி டொக் டொக் சத்தம்தான். ‘இதுகூடத் தெரியலையா?’ என்று தட்டுகிறவருக்கு எரிச்சல் வேறு வரும்.

இதையே மின்னஞ்சலுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தவர்கள் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலியோர். 2005இல் வெளிவந்த ஆய்வு. சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் எழுதி அனுப்பச் சொன்னார்கள், அதே போல் இன்னும் சிலரைக் குரலில் சொல்லச் சொன்னார்கள். கிண்டல் எது, நிஜம் எது என்று எதிராளி நூற்றுக்கு 78 தடவை சரியாகப் பிடிப்பார் என்று அனுப்பியவர்கள் இரண்டு வழியிலும் எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 தடவை பிடித்தார்கள். எழுத்தில் படித்தவர்கள் 56. நாணயத்தைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 வரும். என்னை அதிகம் தொந்தரவு செய்தது இந்த 56 இல்லை, இரண்டுக்கும் ஒரே 78ஐ எதிர்பார்த்தார்களே, அதுதான். எழுதும்போது குரல் போகவில்லை என்பது எழுதுகிறவருக்கு உறைப்பதே இல்லை.

இது கம்ப்யூட்டர்காரர்களுக்கு ரொம்ப முன்னாலேயே புரிந்துவிட்டது. 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், ஒரு லிஃப்ட்டில் பாதரசம் கொட்டிவிட்டது என்று விளையாட்டாக எழுதப்பட்டதைச் சிலர் நிஜ எச்சரிக்கை என்று நம்பிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தை ஒட்டித்தான் ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர், இனி விளையாட்டாக எழுதினால் பக்கத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு அடைப்புக்குறி போட்டுவிடலாம், சாய்த்துப் பார்த்தால் சிரிக்கிற முகம் தெரியும் என்று செப்டம்பர் 19ஆம் தேதி யோசனை சொன்னார். இன்றைக்கு நாம் அனுப்பும் மஞ்சள் முகங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. இப்போது அந்த முகத்தைப் போட்டதாலேயே சண்டை வருகிறது (இழவுச் செய்திக்குக் கைதவறிச் சிரித்த முகத்தைத் தட்டிவிட்டவர்கள் என்னை மன்னிக்கவும்).

என் ‘சரி’யில் இன்னொன்றும் இருந்தது, முற்றுப்புள்ளி. 2015இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் புள்ளி இருந்தால், புள்ளி இல்லாததைவிட அது மனப்பூர்வமாகச் சொன்னதாகப் படவில்லை என்றார்கள். காகிதத்தில் கையால் எழுதிக் காட்டியபோது அந்த வித்தியாசம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் புள்ளி வைக்காவிட்டால் மதிப்பெண் போனது, இங்கே வைத்தால் மரியாதை போகிறது.

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கு இதோடு சொந்தமாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் முதலாளியையும் வீட்டு நாய்க்குட்டியையும் ‘யூ’ என்ற ஒரே சொல்லால் கூப்பிட்டுவிட்டுப் போகலாம். தமிழில் வினைச்சொல்லை முடிக்கும்போதே எதிராளியை எந்தப் படியில் நிற்க வைக்கிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும். வா என்பதா, வாங்க என்பதா? தமிழ்நாட்டில் நடுவில் நிற்க இடமே இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் அவர் வயது என்ன, ஆணா பெண்ணா, நீங்கள் என்று எழுதினால் அந்நியமாகப் படுமா, நீ என்றால் திமிராகப் படுமா என்று இவ்வளவையும் ஒரு முகப்புப் படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும், அந்தப் படமும் பெரும்பாலும் ஒரு பூவாகவோ ஒரு நடிகராகவோ இருக்கும். அதனால்தான் நம் ஆட்கள் ‘ப்ரோ’வையும் ‘தோழரை’யும் ‘ஜி’யையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். அதிலும் ‘என்னை ப்ரோன்னு கூப்பிடாதீங்க’ என்று ஒருவர் வருவார்.

ஒருவரைப் பன்மையில் சொல்வது புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே இதைப் பேசுகிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், ஆனால் இலக்கண முறைப்படி வந்தது இல்லை என்று. அதாவது மரியாதை இலக்கணத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் என்றால் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் கொங்கு நாட்டில் ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியம் முடிந்தால் ஏதோ உடைந்த மாதிரி இருக்கும். ஏனுங்க, ஆமாங்க, இல்லீங்க, சொந்தப் பிள்ளையிடமே ‘சாப்பிடுங்க கண்ணு’ என்பார்கள். சென்னையில் அதே இடத்தில் உரிமையாக ஒரு ‘நீ’ விழும், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் நீக்கும் நீங்களுக்கும் நடுவில் ‘நீர்’ என்று ஒரு படி இருக்கிறது. வாரும், இரும், சொல்லும் என்று அன்பும் மதிப்பும் கலந்து வரும். அதையே தமிழ்நாட்டுக்காரர் படித்தால் ராஜா வேஷம் கட்டியவர் பேசுகிற மாதிரி, அல்லது தன்னைக் கேலி செய்கிற மாதிரி இருக்கும். டொரன்டோவிலிருந்து ஒருவர் வாஞ்சையோடு ‘நீர் சொல்வது சரி’ என்று எழுத, மதுரையிலிருந்து ஒருவர் ‘நக்கலா?’ என்று திருப்பிக் கேட்டதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். நேரில் பேசியிருந்தால் அவர் வாயைத் திறந்ததுமே எந்த ஊர்க்காரர் என்று தெரிந்திருக்கும். எழுத்தில் ஊர் தெரிவதில்லை.

இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒரு சங்கதி. மரியாதையாகப் பேசுவது எப்படி வேலை செய்கிறது என்று உலகமெங்கும் மொழியியல் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் கோட்பாட்டை உருவாக்கியவர்கள் பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர். 1978இல் முதலில் வெளிவந்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது முக்கியமாக மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், அப்புறம் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசிய தமிழ். எங்கள் பெரியப்பா மாதிரி ஆட்களின் பேச்சைக் கேட்டு எழுதிய கோட்பாடு என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்சம் இழுத்துச் சொன்னால்.

அவர்கள் சொன்னதன் சாரம் இது. ஒவ்வொருவருக்கும் நாலு பேர் முன்னால் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு ‘முகம்’ இருக்கிறது. என்னை மதிக்க வேண்டும் என்பது அதில் ஒரு பக்கம், என்னை நெருக்கக் கூடாது என்பது இன்னொரு பக்கம். கேட்பது, மறுப்பது, திருத்துவது எல்லாம் அந்த முகத்தில் லேசாகக் கீறத்தான் செய்யும். அதனால் கீறல் விழாமல் இருக்கப் பேச்சில் பஞ்சு வைக்கிறோம். எவ்வளவு பஞ்சு என்பது மூன்று விஷயத்தைப் பொறுத்தது: அவர் எவ்வளவு பெரியவர், எவ்வளவு தூரத்து ஆள், கேட்கும் காரியம் எவ்வளவு பெரியது. தமிழருக்கு இதில் விளக்கம் தேவையே இல்லை. முகத்தில் அடித்த மாதிரி சொல்லாதே, முகம் கோணாமல் கேள், முகம் கொடுத்துப் பேசு, முகத்தாட்சண்யத்துக்காக ஒத்துக்கொண்டேன் என்று நாள் முழுக்க முகத்தை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘ங்க’ என்பது எங்கள் ஊர்ப் பஞ்சு. நான் பஞ்சில்லாமல் அனுப்பினேன், அதுவும் இருபத்தேழு பேர் பார்க்கிற இடத்தில்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘சின்ன விஷயம்’ என்று முடிவு செய்வது யார்? அதே கோவைப் பக்கத்தில், தோட்டத்து முதலாளி வீட்டுப் பொடியன் 60 வயதுப் பண்ணையாளை வாடா போடா என்பதும், அவர் அவனுக்குச் ‘சரிங்க சாமி’ சொல்வதும் வழக்கமாக இருந்தது. மரியாதைச் சொற்கள் சாதிப் படிக்கட்டில் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதையும் லெவின்சன் அந்தக் கிராமத்தில் ஆராய்ந்திருக்கிறார். அந்த அனுபவம் உள்ள வீட்டிலிருந்து வந்த ஒருவர், குரூப்பில் தன்னை ஒருமையில் எழுதியதற்குச் சட்டென்று எதிர்த்துக் கேட்டால் ‘இதுக்கெல்லாமா?’ என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்கு அது ஒரு எழுத்து, அவருக்கு அது தாத்தா காலத்துக் கணக்கு. அதே சமயம், காலமெல்லாம் ‘ங்க’ வாங்கியே பழகியவர் ஒரு நாள் அது குறைந்ததும் உலகமே கெட்டுவிட்டது என்று குதிப்பதையும் இதையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். எங்கள் பெரியப்பா எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள், கொஞ்சம் இரண்டாவது பக்கம்தான்.

மனம் புண்படுவது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பத்திரிகையில் பெயர் போடவில்லை, போட்டாலும் மூன்றாவதாகப் போட்டுவிட்டார்கள், வாசலில் வாங்க என்று கேட்கவில்லை, முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை, மாமனுக்கு மாலை போடவில்லை. ஒவ்வொன்றும் சின்ன விஷயம், ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு எழுந்து போவார். ஆனால் கவனித்திருக்கிறீர்களா, அவர் மெதுவாகத்தான் போவார். செருப்பைத் தேடுவதற்கே கால் மணி நேரம் ஆகும். அதற்குள் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடிப்பார். “என்ன மாப்ள, சின்னப் பசங்க தெரியாமப் பண்ணிட்டாங்க, நீங்க இல்லாம என்ன கல்யாணம்?” கொஞ்சம் முறுக்கு, இன்னும் கொஞ்சம் கெஞ்சல், அப்புறம் நேராக முதல் வரிசையில் இலை. கோவித்துக்கொண்டவருக்கு இழந்த மரியாதை வட்டியோடு திரும்பி வந்தாயிற்று. இந்த நாடகத்தில் எல்லாருக்கும் தன் வசனம் தெரியும்.

இணையத்துக்கு வந்தபோது நாம் கோவித்துக்கொள்வதை மட்டும் கொண்டுவந்தோம், கையைப் பிடித்து இழுக்கும் ஆளைக் கொண்டுவரவில்லை. குரூப்பை விட்டு வெளியேற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், செருப்புத் தேட நேரமில்லை. முன்பெல்லாம் ‘இன்னார் வெளியேறினார்’ என்று எல்லாருக்கும் ஒரு வரியாவது தெரியும், அதைப் பார்த்து யாராவது போன் போடுவார்கள். சத்தமில்லாமல் வெளியேறும் வசதியை வாட்ஸப் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தது. தொல்லை தாங்காமல் ஓடுபவர்களுக்கு அது வரம். கோவித்துக்கொண்டு போகிறவருக்கு மட்டும் அது பெரிய அநியாயம், ஏனென்றால் அவர் போவதே மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். யாரும் பார்க்காமல் எழுந்து போய், வெளியே தெருமுனையில் தனியாக நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்.

சமாதானம் செய்ய ஆள் இல்லாத இடத்தில் வேறு ஒருவர் இருப்பார், வேடிக்கை பார்ப்பவர். பந்தலில் பத்துப் பேர் பார்த்தார்கள் என்றால் அந்தப் பத்துப் பேரும் சொந்தம், சண்டை பெரிதானால் அவர்களுக்கும் சாப்பாடு தாமதமாகும். இணையத்தில் பார்ப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. ‘அவர் சொன்னதில் என்ன தப்பு?’ என்று ஒரு வரி போட்டுக் கொம்பு சீவிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். நாலு பேர் பார்க்கும்போது விட்டுக்கொடுத்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்பதால் இரண்டு பேரும் இறங்கி வருவதில்லை.

இதற்கு நம் இணையத்தின் நிரந்தர உதாரணம் ‘வாழ்த்துக்கள்’. ஒருவர் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று சந்தோஷமாக எழுதுவார். கீழே முதல் ஆள் ‘வாழ்த்துக்கள்’ என்பார். இரண்டாவது ஆள், ‘வாழ்த்துகள் என்பதே சரி, கள் குடிக்கவா சொல்கிறீர்கள்?’ என்பார். மூன்றாவது ஆள், அப்படியானால் எழுத்துக்கள் என்று பழைய உரையாசிரியர்கள் எழுதியிருப்பது தப்பா என்று வருவார். அறுபதாவது பதிலில் ஒருவர் இன்னொருவரின் தமிழ்ப்பற்றைச் சந்தேகித்திருப்பார். அந்தப் பெண் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். திருத்தம் சொன்னவர் மொழிக்குத் தொண்டு செய்ததாகத்தான் உண்மையிலேயே நினைக்கிறார். வாழ்த்தியவருக்கோ, நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் சபை நடுவில் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கிறாய் என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

ஏன் அந்த ஒரு ‘க்’குக்கு இவ்வளவு கூட்டம்? 1957இல் நார்த்கோட் பார்க்கின்சன் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர் இதைக் கேலியாக எழுதினார். அவர் கற்பனை செய்த குழு ஒன்று அணு உலைக்குக் கோடிக்கணக்கில் பணம் ஒதுக்குவதை இரண்டரை நிமிடத்தில் முடித்துவிடும், ஏனென்றால் யாருக்கும் அது புரியாது. அடுத்து சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குக் கூரை என்ன போடுவது என்று முக்கால் மணி நேரம் வாதாடும். கூட்டத்துக்குக் காபி வாங்கும் செலவுக்கு அதைவிட அதிக நேரம். காரியம் சின்னதாக ஆக ஆக, கருத்துச் சொல்லத் தகுதியுள்ளவர் கூட்டம் பெருகுகிறது. அப்பார்ட்மெண்ட் குரூப்பில் கட்டடத்தின் தீயணைப்பு ஒப்பந்தத்தைப் பற்றி எழுதினால் யாரும் வாயைத் திறப்பதில்லை, மாடியில் யார் வீட்டு வடகம் காய்கிறது என்று கேட்டால் 84 பதில். கருத்து இருக்கும் இடத்தில் முகமும் வந்து நிற்கும், முகம் வந்த இடத்தில் கீறலும் விழும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீல டிக், 2014 நவம்பரில் வந்தது, படித்துவிட்டார் என்று காட்டும், ஏன் பதில் போடவில்லை என்று காட்டாது. அந்த இடைவெளியை நிரப்ப நம் மனசு எப்போதும் கெட்ட காரணத்தையே தேர்ந்தெடுக்கும். நான் பதில் போடாவிட்டால் வேலையாக இருந்தேன், நீ போடாவிட்டால் உனக்குத் திமிர். மனிதர் எல்லாருக்கும் பொதுவான கோளாறு இது, படித்தவர் படிக்காதவர் கணக்கெல்லாம் இல்லை. கட்டைவிரல் படம்: இளவட்டங்களுக்கு அது ‘போதும், விடு’ என்று ஒலிக்கிறது, 50 தாண்டியவர்களுக்கு ‘மிக்க மகிழ்ச்சி’ என்று. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு விவசாயி, ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பியவருக்குக் கட்டைவிரலைப் பதிலாகப் போட்டார். ஒப்பந்தம் கிடைத்தது என்றுதான் சொன்னேன் என்றார் அவர். சம்மதம் என்றுதான் அர்த்தம் என்று 2023இல் நீதிமன்றம் சொல்லி, 82,000 கனடா டாலருக்கு மேல் கட்ட வைத்தது. நீதிபதிக்கே தீர்ப்பெழுத வேண்டிய அளவுக்கு ஒரு விரல் குழப்புகிறது என்றால் சித்தப்பா குழம்புவதில் வியப்பில்லை.

அப்படியானால் என்ன செய்வது என்றால், நான் செய்வதைச் சொல்கிறேன், எல்லாருக்கும் ஒத்துவருமா என்று தெரியாது. வயதில் பெரியவர்களுக்கு எழுதும்போது ‘ங்க’வையும் உறவுமுறையையும் சேர்த்துத் தட்டுகிறேன், அதற்கு நிஜமாகவே காசு செலவாகவில்லை. யாராவது எழுதியது சுருக்கென்று தைத்தால், அதையே எனக்குப் பிடித்த ஒருவரின் குரலில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். பத்தில் ஏழு தடவை முள் போய்விடுகிறது. திருத்தம் சொல்ல வேண்டுமென்றால் தனியாக எழுதுகிறேன், பொதுவில் இல்லை. இதெல்லாம் சின்ன உபாயம். உருப்படியாக உள்ளது ஒன்றுதான், யாராவது கோவித்துக்கொண்டு போனால் குரூப்பில் விளக்கம் எழுதாமல் போன் போடுவது, முடிந்தால் நேரில் போவது. ‘நான் அப்படிச் சொல்லவில்லை, நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்று எழுத்தில் எழுதுவதைப் போல நெருப்பில் நெய் ஊற்றுகிற காரியம் வேறில்லை. அதிலும் தப்பு அவர் மேல்தான் விழுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குப் போனேன். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், “வா கண்ணு” என்றவர் பேப்பரை மடிக்கவில்லை. பெரியம்மா காபி கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம், தேங்காய் விலை பற்றிப் பேசினோம். ‘சரி’யைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, பேப்பரைப் பார்த்துக்கொண்டே, “ஊட்டுப் பால் காய்ச்சுக்கே போனுல போட்டோதானே அனுப்புன” என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நாங்கள் சென்னையில் வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். பத்திரிகையைப் படமெடுத்து எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பினேன். அவருக்கும்தான். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் கூப்பிட்டிருக்க வேண்டிய ஆள். அப்போது அவர் எதுவும் சொல்லவில்லை, ‘வர முடியவில்லை, வாழ்த்துக்கள்’ என்று அழகாகப் பதில் போட்டிருந்தார், ‘க்’ வைத்தே. அந்த இரண்டு மாதமாக உள்ளே உட்கார்ந்திருந்ததுதான் என் புள்ளி வைத்த ‘சரி’யைப் பார்த்ததும் வெளியே வந்திருக்கிறது. கடைத்தெருவுக்குப் போய் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம் வாங்கிவந்து தட்டில் வைத்து, பொங்கல் முடிந்ததும் சென்னைக்கு வந்து பத்து நாள் இருக்க வேண்டுமென்று கூப்பிட்டேன். “எதுக்கு இதெல்லாம்” என்று சொல்லிக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டார். ராத்திரி குரூப்பில் சேர்ந்துவிட்டார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் குரூப்பில் அவருக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கிளம்புகிறோம், வேனுக்கு முன்னாலேயே வந்துவிடுவோம், நீங்க எதற்கும் கவலைப்பட வேண்டாங்க பெரியப்பா, உங்களுக்கு ஏதாவது வாங்கிவரணுங்களா, பெரியம்மாவுக்கு மாத்திரை வேணுங்களா என்று ஏழு வரி, வரிக்கு ஒரு ‘ங்க’. இரண்டு டிக்கும் நீலமாயின. பத்து நிமிடம் எதுவும் வரவில்லை. அப்புறம் வந்தது.

‘சரி’.

மூன்று தடவை படித்தேன். அத்தைக்குப் போன் போட்டேன். “அத்தை, பெரியப்பா ஏதாவது கோவமா இருக்காங்களா?”

“அவரு மோட்டார் போடக் காட்டுக்குப் போயிருக்காரு. ஏங்கண்ணு?”